சிறுத்தைக்கு முந்திய வேட்டைப்பல்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில், விஞ்ஞானப் பிரிவுப் பழைய மாணவிகள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



விழாவில் விஞ்ஞானப் பிரிவுக்கும் அரைமணி நேரம் ஒதுக்கித் தந்திருக்கிறார்கள். தேயிலையைப் பற்றிப் பேசலாமே என்று சிலர் சொன்னார்கள். தேயிலையைப் பற்றி எங்களைவிட எங்கள் அம்மாமார் நன்றாகப் பேசுவார்கள். ஆகவே நாங்கள் வேறொன்றை எடுத்துக்கொண்டோம். ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பூமியை விட்டுப் போன ஒரு வேட்டை விலங்குக் கூட்டம். கோர்கொனொப்சியன்கள் என்பது அவற்றின் பெயர். நீளமாக இருப்பதால் கோர்கொன் என்றே இனிச் சொல்கிறோம்.

கிரேக்கக் கதைகளில் தன் முகத்தைப் பார்த்தவரைக் கல்லாக்கிவிடும் பெண் பூதத்துக்குத்தான் கோர்கொன் என்று பெயர். தென்னாபிரிக்காவின் கரூ வரண்ட நிலத்திலிருந்து லண்டனுக்கு வந்த ஒரு மண்டையோட்டுக்கு 1876இல் றிச்சட் ஓவன் அந்தப் பெயரை வைத்தார். டைனோசர் என்ற சொல்லை ஆக்கித் தந்தவரும் இவரே. பயங்கரமான எதற்கும் ஒரு பெண் பெயரைத் தேடிப் பிடிப்பது அந்தக் காலத்து ஐயாமாரின் பழக்கம் போலும். போகட்டும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்க வேண்டும். இது டைனோசர் அல்ல. டைனோசர்கள் தோன்றுவதற்கு முன்பே இவற்றின் கதை முடிந்துவிட்டது. இது நகருயிரும் அல்ல. பழைய புத்தகங்களில் ‘முலையூட்டி போன்ற நகருயிர்’ என்று எழுதியிருப்பார்கள்; இன்று அந்தச் சொல்லைக் கைவிட்டுவிட்டார்கள். காரணம் எளிது. தரையில் முட்டையிடக் கற்றுக்கொண்ட முள்ளந்தண்டு விலங்குகள் ஏறக்குறைய 32 கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டு கிளைகளாகப் பிரிந்தன. ஒரு கிளையில் பல்லி, பாம்பு, ஆமை, முதலை, டைனோசர், பறவை எல்லாம் வந்தன. மற்றக் கிளையில் வந்தவர்கள் நாம்: எலியும் யானையும் சிறுத்தையும் மனுசரும். கோர்கொன் நம்முடைய கிளையில் இருந்தது. அது நம் நேரடிப் பாட்டி அல்ல. பாட்டியின் தங்கை குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொம்மைக் கடைகளில் டைனோசர்களோடு சேர்த்து விற்கிறார்களே, முதுகில் பாய்மரம் போன்ற செட்டை வைத்த டைமெற்றோடன், அதுவும் இந்தக் குடும்பந்தான். டைனோசர் பெட்டிக்குள் அதற்கு வேலையே இல்லை.

உறவு எப்படித் தெரியும் என்று தங்கைமார் கேட்பார்கள். ஒரு விரலைக் கண்ணுக்குப் பின்னால், நெற்றிப்பொட்டில் வைத்துப் பல்லைக் கடித்துப் பாருங்கள். ஒரு தசை புடைக்கிறதல்லவா? தாடையை இழுக்கும் அந்தத் தசைக்கு இடம்கொடுக்க, நம் கிளையில் எல்லோருக்கும் கண்குழிக்குப் பின்னே பக்கத்துக்கு ஒரே ஒரு துவாரம் உண்டு. பல்லிக்கும் டைனோசருக்கும் இரண்டு. கோர்கொனுக்கு ஒன்று. (பக்கத்தில் இருப்பவர் கடிப்பதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.)

இப்போது உடலைப் பார்ப்போம். ஒப்பிடுவதற்கு நமக்குத் தெரிந்த வேட்டைக்காரன் ஒருவன் இருக்கிறான். தோட்டத்தில் நாம் ‘புலி’ என்று சொல்லும் சிறுத்தை.

சிறிய கோர்கொன் ஒரு நாயளவு. லைக்கெனொப்ஸ் என்ற இனம் ஒரு மீற்றர் நீளம். அதன் பெயருக்கே ஓநாய் முகம் என்றுதான் பொருள். பெரியது இனொஸ்ற்றான்செவியா. மூன்று மீற்றருக்கு மேல் நீளம், மண்டையோடு மட்டும் அரை மீற்றரைத் தாண்டும். அதன் மேல் வேட்டைப்பல் வேரோடு சேர்த்து ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர். உங்கள் பாடசாலை அடிமட்டத்தில் சரிபாதி. நம் சிறுத்தையின் பல்லை இதன் பக்கத்தில் வைத்தால் ஊசி போலத் தெரியும்.

ஆனால் நீளத்தைவிடப் பல்லின் வடிவந்தான் விஷயம். சிறுத்தையின் வேட்டைப்பல் உருண்டையானது. ஒரு அலவாங்கைப் போல. குத்தி உள்ளே போகும், இரை திமிறினாலும் உடையாமல் தாங்கும். கோர்கொனின் பல் பக்கவாட்டில் தட்டையானது. அதன் விளிம்பில் பொடிப்பொடியான அரம் உண்டு. பாண் வெட்டும் கத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். 2020இல் மேகன் விற்னியும் அவருடைய தோழர்களும் அந்தப் பல்லை மெல்லிய தகடாக அறுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். ஒவ்வொரு அரப்பல்லும் மேலே பூசிய மிளிரியின் நெளிவு மட்டும் அல்ல. உள்ளே இருக்கும் பன்முதலும் சேர்ந்தே அந்த வடிவத்தை எடுத்திருந்தது. ஊனுண்ணி டைனோசர்களுக்குச் சொந்தமானது என்று நினைத்திருந்த அதே அமைப்பு. இரண்டு கிளைகளும் பிரிந்து பல கோடி ஆண்டுகள் ஆன பிறகு, தனித்தனியே ஒரே கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கின்றன. கூர்ப்புப் பாடத்தில் ‘ஒருங்கும் கூர்ப்பு’ என்று மனப்பாடம் செய்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது என்று நினைக்கிறோம்.

அரம் வைத்த தட்டைப்பல் இறைச்சியை வெட்டும். ஆனால் எலும்பில் பட்டால் முறியவும் கூடும். முறிந்தால் என்ன செய்வது? சிறுத்தைக்கு வேட்டைப்பல் முறிந்தால் அவ்வளவுதான். நமக்கும் பாற்பல் விழுந்து வந்தது போனால் பிறகு கட்டுப்பல்தான். கோர்கொனுக்கு அந்தக் கவலை இல்லை. மேல்தாடையில் பக்கத்துக்கு இரண்டு குழிகள், ஒன்றின் பின் ஒன்றாக. முன்குழியில் பல் வேலை செய்துகொண்டிருக்கும்போது பின்குழியில் அடுத்தது வளரும். அது தயாரானதும் பழையது விழும். பிறகு முன்குழியில் புதிது முளைக்கும். வாய் ஒருநாளும் ஆயுதமின்றி இருக்காது.

வேட்டைப்பல்லுக்கு முன்னே மேலே ஐந்து, கீழே நான்கு என்று பலமான வெட்டும் பற்கள். வாயை மூடும்போது மேலும் கீழும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும். பின்னால் பார்த்தால் ஏமாற்றம். கடைவாயில் சின்னச் சின்ன முளைகள் சில. சில இனங்களில் மேல்தாடையில் அதுவும் இல்லை. நம் சிறுத்தைக்குக் கடைவாயில் கத்தரிக்கோல் போன்ற வெட்டுப்பற்கள் உண்டு. அவற்றால் தசையைத் துண்டாக்கும். கோர்கொனால் மெல்லவே முடியாது. முன்பல்லால் கவ்வி, இழுத்துப் பிய்த்து, அப்படியே விழுங்க வேண்டும். அண்ணத்திலும் நமக்குள்ள எலும்புத் தட்டு அதற்கு இல்லை. வாயில் சோறும் மூக்கில் மூச்சும் ஒரே நேரத்தில் போவதற்கு அந்தத் தட்டுத்தான் காரணம். குழந்தைக்குப் பால் கொடுத்த அக்காமாருக்கு அதன் அருமை தெரியும். அண்ணம் பிளந்து பிறந்த பிள்ளை பால் உறிஞ்சப் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

உச்சந்தலையில் ஒரு சிறு துளை. அதில் வெளிச்சத்தை உணரும் மூன்றாவது கண். நெற்றிக்கண் என்று நாம் சிவபெருமானுக்குச் சொல்வது இதற்கு உண்மையாகவே இருந்தது, கொஞ்சம் மேலே தள்ளி. இன்றும் சில பல்லி இனங்களுக்கு அது உண்டு. நம் கிளையில் அது மறைந்துவிட்டது. அதன் உறவான பினியல் சுரப்பி மாத்திரம் மூளைக்குள் இருந்துகொண்டு நமக்கு இரவு எது, பகல் எது என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

காலைப் பாருங்கள். முன்னங்கால் முழங்கை வெளியே தள்ளிய நிலை, உடும்பின் சாயல். பின்னங்கால் உடலுக்குக் கீழே நிமிர்ந்து நிற்கக்கூடியது, நாயின் சாயல். பாதி வழியில் நிற்கும் உடல். வால் குட்டையானது. இதைப் படத்தில் வரைந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டியபோது, “முன்பக்கம் ஒரு விலங்கு, பின்பக்கம் ஒரு விலங்கு” என்றாள் ஒரு தங்கை. சரியான விடை அது.

எலும்பின் உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் பார்த்திருக்கிறார்கள். மரத்தின் வளையம்போல எலும்பிலும் வளர்ச்சியின் தடம் விழும். சங்கமித்ரா ராய், ஜெனிபர் போதா, அனுசூயா சின்சாமி ஆகிய மூன்று பெண்கள் சேர்ந்து 2004இல் இத்தகைய விலங்குகள் பலவற்றின் எலும்பை அறுத்துப் பார்த்து எழுதினார்கள். கோர்கொனின் எலும்பு வேகமாக வளர்ந்து, இடையிடையே தடைப்பட்டு, மீண்டும் வளர்ந்திருக்கிறது. நல்ல காலத்தில் வளர்ச்சி, கெட்ட காலத்தில் நிறுத்தம்.

இனி வேட்டை. இதன் இரை பெரும்பாலும் டைசினொடொன்கள்: பீப்பாய் உடம்பு, குட்டைக் கால், ஆமைபோல அலகு, பலவற்றுக்கு இரண்டு கோரைப்பல். இலைதழை தின்னும் சாதுக்கள். வேகமாக ஓட அந்த உடம்பால் முடியாது. ஆகவே கோர்கொனுக்கும் சிறுத்தையின் பாய்ச்சல் தேவையில்லை. இரையைவிட ஒரு சொட்டு வேகம் போதும். பதுங்கியிருந்து, குறுகிய ஓட்டத்தில் எட்டி, வாயைத் திறந்து அடிப்பது.

அந்த வாய் எவ்வளவு திறக்கும்? கிட்டத்தட்ட 90 பாகை. கீழ்த்தாடை நேர்கீழே தொங்கும். இவ்வளவு நீளப் பல்லை வைத்துக்கொண்டு அவ்வளவு திறக்காவிட்டால் கடிக்கவே முடியாது. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு தசையை அதன் எல்லைவரை இழுத்துவிட்டால் அதற்குப் பலம் குறைந்துவிடும். நீங்களே வாயை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த நிலையிலேயே எதையாவது கடிக்க முயன்று பாருங்கள். ஆகவே கோர்கொனின் கடியின் தொடக்கத்தில் வேலை செய்தது தசைப்பலம் என்பதைவிட வேகம் என்றே சொல்ல வேண்டும். தலையையும் தாடையையும் வீசி அடித்து, பல் உள்ளே இறங்கிய பின் தசை பிடித்துக்கொள்ளும். கோடாலியால் விறகு பிளப்பவர் கோடாலியை மரத்தில் வைத்து அமுக்குவதில்லையே.

சிறுத்தை தொண்டையைக் கவ்விக்கொண்டு, இரையின் மூச்சு நிற்கும்வரை விடாது. பொறுமையின் வேட்டை அது. கோர்கொனின் பல் அதற்குச் செய்யப்பட்டதல்ல. அது கிழித்துக் குருதியைப் பெருக்கும் பல்.

இவை ஒன்றையொன்று கடித்துக்கொண்டும் இருந்தன. 2021இல் யூலியன் பெனுவாவும் கூட்டாளிகளும் ஒரு மண்டையோட்டை விபரித்தார்கள். மூக்குப் பகுதியில் வேறொரு விலங்கின் பல் முறிந்து பதிந்திருக்கிறது. அதைச் சுற்றி எலும்பு வளர்ந்து, புண் ஆறியிருக்கிறது. கடிபட்ட பிறகும் அது உயிரோடு இருந்திருக்கிறது. மூக்கில் ஒரு பல்லோடு அலைந்திருக்கிறது. நாய்களும் பூனைகளும் சண்டையில் முகத்தைக் கடிப்பதுபோல, தன் இனத்தோடு போட்ட சண்டையாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

தாடையைப் பற்றி இன்னும் ஒன்று, இதுதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. நம் கீழ்த்தாடை பக்கத்துக்கு ஒரே எலும்பு. கோர்கொனின் கீழ்த்தாடையில் பல எலும்புகள். பின்கோடியில் இருந்த ஒன்று மண்டையோட்டின் ஒரு சிறு எலும்போடு கீல் போட்டிருந்தது. இந்த இரண்டும் நம் கிளையில் காலப்போக்கில் சிறுத்துச் சிறுத்து, தாடையைவிட்டு விலகி, காதுக்குள் போய்விட்டன. உயர்தரத்தில் படித்த சம்மட்டியுருவும் பட்டடையுருவும் அவைதாம். எங்கள் குரல் இப்போது உங்கள் செவிப்பறையைத் தட்டி உள்ளே போவது, அந்தப் பழைய விலங்குகள் இரையைக் கடித்த கீலின் வழியாகத்தான். ஏந்தியுரு மட்டும் அப்போதே காதில் இருந்தது.

சரி, இதெல்லாம் ஆபிரிக்காவிலும் ஐரோப்பாவிலும்தானே, நமக்கென்ன என்று கேட்கலாம். நம் மலையில் தோண்டினால் கிடைக்குமா? கிடைக்காது. அட்டன், நுவரெலியா, சிவனொளிபாதமலை எல்லாம் நிற்பது உருமாறிய பாறையில். பூமியின் ஆழத்தில் வெந்து, நசுங்கி, 55 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே இந்த உருவத்துக்கு வந்த பாறை அது. எலும்புள்ள விலங்குகள் தரையேறுவதற்கு எவ்வளவோ முந்தியது. அப்படிப்பட்ட பாறையில் உயிர்ச்சுவடு தேடுவது, சுட்ட செங்கல்லில் முளை தேடுவதுபோல.

ஆனால் அதிகம் தள்ளிப் போக வேண்டியதில்லை. வடக்கே ஏறத்தாழ 1,400 கிலோமீற்றரில், தெலுங்கானாவில், பிராணஹிதா – கோதாவரிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அன்று இடையில் கடல் இல்லை. இலங்கையும் இந்தியாவும் மடகஸ்காரும் அந்தாட்டிக்காவும் ஒட்டிக்கொண்டு கொண்டுவானா என்ற ஒரே நிலமாகத் தெற்கே கிடந்தன. குளொசொப்ரெரிஸ் மரங்கள் அங்கே காடாக நின்று, விழுந்து, நிலக்கரியாயின. கோதாவரிப் பக்கத்துச் சுரங்கங்களில் இன்றும் வெட்டுவது அந்தக் காட்டைத்தான். அந்தக் கரிப்பாறைகளுக்கு மேலே, கோலேட் என்ற ஊரை அண்டி, குந்தாரம் படிவு என்று சிவந்த களிப்பாறை உண்டு. அதில் கிடைத்த எலும்புகளை 1972இல் ரி. எஸ். குட்டி உலகுக்கு அறிவித்தார். பின்னர் சங்கமித்ரா ராயும் சாஸ்வதி பந்தியோபாத்யாயாவும் அந்த விலங்குக் கூட்டத்தை ஆராய்ந்து 2003இல் எழுதினார்கள். பெரும்பாலானவை டைசினொடொன்கள். மண்ணைத் தோண்டி அகழான்போல வாழ்ந்த சிஸ்ரெசெபாலஸ் ஒன்று. அலகுக்குள்ளும் பல்வரிசை வைத்திருந்த எண்டோதியோடன் ஒன்று. அவற்றோடு, இரையின் அருகே வேட்டைக்காரனும் இருக்க வேண்டுமல்லவா, ஒரு கோர்கொனும். ஆக, நம் நிலத்தோடு ஒட்டியிருந்த நிலத்தில் இது நடமாடியிருக்கிறது.

எண்டோதியோடனின் ஓர் இனத்துக்கு மகாலனோபிசி என்று பெயர். கொல்கத்தாவில் இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவனத்தை நிறுவிய பி. சி. மகாலனோபிசின் நினைவாக. புள்ளிவிபரக்காரருக்கு எலும்போடு என்ன வேலை? 1957இல் அவர் லண்டனிலிருந்து பமெலா றொபின்சன் என்ற அம்மையாரை அழைத்து, அந்த நிறுவனத்துக்குள்ளேயே உயிர்ச்சுவட்டு ஆய்வைத் தொடங்க வைத்தார். கோதாவரிக் கரையின் எலும்புகளை இன்று நாம் அறிந்திருப்பதில் அந்த அழைப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

பெண்களைப் பற்றிச் சொன்னதால் ரஷ்யாவையும் சொல்லிவிடுகிறோம். இனொஸ்ற்றான்செவியாவைக் கண்டெடுத்தவர் விளாடிமிர் அமலிற்ஸ்கி என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். வட துவினா ஆற்றில் படகில் போய்க் கரைகளைத் தேடிய ஆண்டுகளில் அவருடைய மனைவி அன்னா பெற்ரோவ்னாவும் கூடவே போனார். 1899இல் அங்கே பெரிய அளவில் தோண்டத் தொடங்கினார்கள். அமலிற்ஸ்கி 1917இல் காலமானார். விலங்கின் விபரம் அச்சானது 1922இல். அன்னாவின் பெயர், கோர்கொனின் உறவான இன்னொரு சிறு விலங்கின் பெயரில் தங்கியிருக்கிறது: அன்னாதெரப்சிடஸ்.

இனித்தான் நாங்கள் சொல்ல வந்தது.

ரஷ்யாவில் மட்டும் இருந்தது என்று ஒரு நூற்றாண்டுக் காலம் எண்ணியிருந்த இனொஸ்ற்றான்செவியா, தென்னாபிரிக்காவில் கிடைத்தது. 2010, 2011 ஆண்டுகளில் எடுத்த எலும்புகளை ஆராய்ந்து, 2023இல் கிறிஸ்ரியன் கமரர், பியா விக்லியெற்றி, எலிசே பற்லர், ஜெனிபர் போதா ஆகியோர் ‘இனொஸ்ற்றான்செவியா ஆபிரிக்கானா’ என்று பெயரிட்டார்கள். ஏறத்தாழ 11,000 கிலோமீற்றர் தெற்கே அது எப்படி வந்தது? நடந்துதான். அப்போது கண்டங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. ஏன் வந்தது என்பதுதான் கதை. ஆபிரிக்காவில் அதுவரை உச்சியில் இருந்த உள்ளூர்ப் பெரிய கோர்கொன்கள் மறைந்துவிட்டன. நாற்காலி காலியானது, வடக்கிலிருந்து வந்தது உட்கார்ந்தது. அதுவும் நிலைக்கவில்லை. அடுத்து மொஸ்கொரைனஸ் என்ற வேறு குடும்பத்து வேட்டைக்காரன். பிறகு மற்றக் கிளையைச் சேர்ந்த, முதலைச் சாயலுள்ள ஒரு நகருயிர். இருபது இலட்சம் ஆண்டுக்குள் உச்சி வேட்டைக்காரனின் இடம் நான்கு தடவை கைமாறியது என்கிறார்கள் அந்த ஆய்வாளர்கள். பூமியின் வயதில் இருபது இலட்சம் ஆண்டு ஒரு கண்சிமிட்டல்.

அது சாதாரண காலம் அல்ல. இன்றைய சைபீரியாவில் எரிமலைகள் குமுறி, வானமும் கடலும் வெந்து, 25 கோடியே 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் நடந்த பேரழிவு. கடல்வாழ் இனங்களில் பத்தில் எட்டுக்கு மேல் அழிந்தன. கோர்கொன் வம்சம் அதைத் தாண்டி நிலைக்கவில்லை. தாண்டியவை யார்? வளைக்குள் சுருண்டு படுத்த திரினாக்சொடன் போன்ற, பூனையளவுகூட இல்லாத சிறியவை. நாம் வந்தது அந்தச் சிறியவர்களின் பக்கத்திலிருந்து.

பலமுள்ளது ஏன் முதலில் விழுகிறது? அது தின்பது இன்னொரு விலங்கை. அந்த விலங்கு தின்பது செடியை. செடி குறைந்தால் இரை குறையும்; இரை குறைந்தால் வேட்டைக்காரனின் எண்ணிக்கை அதைவிட வேகமாகக் குறையும். முதலிலேயே அது எண்ணிக்கையில் குறைந்தது. மெல்லத் தெரியாத வாய், இறைச்சிக்கு மட்டுமே உதவும் பல். வேறு எதையும் தின்று சமாளிக்க முடியாது. சில இனங்களில் கடைவாய்ப் பல்லே இல்லை என்றோமே, அதன் விலை இதுதான்.

இந்த நாற்காலிக் கதை நம் தீவிலும் நடந்திருக்கிறது. நம் மலையிலிருந்து இறங்கும் சப்ரகமுவப் பக்கம், குருவிட்டயில் கிடைத்த இரண்டு பற்களை வைத்து 1939இல் பி. ஈ. பி. தெரணியகல ஒரு சிங்கத்தை விபரித்தார். இந்த நாட்டில் உண்மையாகவே வாழ்ந்து அழிந்த சிங்கம். கொடியில் உள்ளதைச் சொல்லவில்லை. 2005இல் வேறு ஆய்வாளர்கள், இரத்தினபுரிப் பக்கம் கிடைத்த ஒரு பல்லையும் பட்டதொம்ப குகையில் கிடைத்த ஒரு விரல் எலும்பையும் வைத்து, வரிப்புலியும் இங்கே இருந்தது என்று காட்டினார்கள். அந்த விரல் எலும்பின் வயது ஏறத்தாழ 16,500 ஆண்டுகள். சிங்கம் போய்விட்டது. வரிப்புலி போய்விட்டது. மீதி இருப்பது சிறுத்தை. இந்தத் தீவுக்கே உரிய துணையினம். ‘கொட்டியா’ என்ற சிங்களச் சொல்லையே அதன் விஞ்ஞானப் பெயரில் சேர்த்தவரும் தெரணியகலதான்.

இனொஸ்ற்றான்செவியா வடக்கிலிருந்து நடந்து வந்ததுபோல, சிறுத்தை போனால் இங்கே நடந்து வர யாரும் இல்லை. சுற்றிலும் கடல்.

2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் ஒரு கருஞ்சிறுத்தை கண்ணியில் மாட்டியதும், சில நாட்களில் இறந்ததும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வெளிநாட்டில் இருக்கும் தோழியர்கூட அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கண்ணி அதற்கென்று வைத்ததல்ல. மரக்கறித் தோட்டத்து ஓரத்தில் பன்றிக்கு வைக்கும் கம்பிதான் சிறுத்தையை மாட்டுகிறது. மோட்டார் சைக்கிளின் பிரேக் கம்பியே போதும். வைப்பவர்களை இங்கே மேடையில் நின்று திட்டுவது சுலபம். ஒரு இரவில் பன்றி உழுதுவிட்டுப் போன உருளைக்கிழங்குப் பாத்தியைப் பார்த்தவர்கள் அப்படித் திட்ட மாட்டார்கள். ஆனால் இடுப்பில் கம்பி இறுகிய சிறுத்தை, நாள்கணக்கில் திமிறி, உள்ளுக்குள் கிழிந்து சாகிறது. அதைப் பார்க்கக் கூட்டம் கூடும்போதுதான், கம்பி அறுந்து, ஆட்களும் காயப்படுகிறார்கள்.

டிக்கோயாவை அண்டிய டன்கெல்ட்டில் அஞ்சலி வொட்சனும் அன்ட்ரூ கிற்றிலும் தானியங்கிக் கமராக்களை வைத்து நம் மலைச் சிறுத்தைகளைப் படம் பிடித்து ஆராய்ந்து வருகிறார்கள். ஒவ்வொன்றின் புள்ளிக்கோலமும் வேறு, நம் கைரேகைபோல. அதை வைத்து இது இன்ன சிறுத்தை என்று சொல்லிவிடலாம். காட்டுத் துண்டுகளுக்கு இடையில் தேயிலை வழியே அவை போய்வருகின்றன. மரை, முள்ளம்பன்றி, முயல் என்று கிடைப்பதைத் தின்கின்றன. லயத்து நாயையும் தூக்கும். கோர்கொனைவிட இந்த விஷயத்தில் அது கெட்டிக்காரி. ஒரே இரையை நம்பி இல்லை.

சிறுத்தையைக் கையெட்டும் தூரத்தில் சந்திப்பவர்கள் அதிகாரிகளோ ஆய்வாளர்களோ அல்ல. கொழுந்து பறிக்கும் பெண்கள். நம் அம்மாமார், அக்காமார். ஆகவே கடைசியாக, அவர்களிடம் போய்ச் சேர வேண்டிய இரண்டு விஷயங்கள்.

தேயிலைத் தூருக்குள் குட்டிகள் தனியாகக் கிடந்தால் அவை கைவிடப்பட்டவை அல்ல. தாய் வேட்டைக்குப் போயிருக்கும். தூக்கக் கூடாது, சுற்றி நின்று படம் எடுக்கக் கூடாது. அந்த நிரையை விட்டு விலகி, கங்காணியிடமோ தோட்ட அலுவலகத்திலோ சொல்லி, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவிக்கச் சொல்ல வேண்டும். மனித சந்தடி அடங்கினால் பெரும்பாலும் தாயே வந்து கவ்விக்கொண்டு போய்விடும்.

மற்றது தடம். கவ்வாத்து வெட்டிய மலையில், மழை விட்ட காலையில், பாதையில் கால்தடம் நன்றாக விழும். நாயின் தடத்தில் விரல் நுனியில் நகம் பதிந்திருக்கும். சிறுத்தை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும்; ஆகவே நான்கு விரலும் ஒரு மெத்தையும் மட்டும், நகம் இல்லாமல் வட்டமாகப் பதியும். அப்படிக் கண்டால் அன்று அந்த மலையில் கூட்டமாகப் போவதும், பேசிக்கொண்டு போவதும் போதும். இந்த இரண்டு தடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்த ஒரு சுவர்ப்படத்தை விஞ்ஞானப் பிரிவு மாணவிகள் செய்திருக்கிறார்கள். வாசலில் வைத்திருக்கிறோம். உங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்கும் பிரட்டுக் களத்துக்கும் வேண்டுமானால் பெயரைப் பதிந்துவிட்டுப் போங்கள்.